கொப்புளம் வந்தால்தான் அம்மைத் தடுப்பூசி வேலை செய்ததா?

நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். குத்திய இடம் கொப்புளித்துப் பொருக்கு கட்டினால்தான் தடுப்பூசி பிடித்தது என்று அந்தக் காலத்தில் கணக்கு. அந்தக் கணக்கு இப்போதும் சரிதானா? அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டு பெரியம்மைத் தடுப்பூசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2007-இல் அனுமதி பெற்ற ஏகேம் 2000 பழைய வழியில் போகிறது. கவட்டைபோல இரண்டு முனை கொண்ட ஊசியை மருந்தில் தோய்த்து, மேற்கையில் 15 முறை குத்துவார்கள். மூன்று நான்கு நாளில் சிறு பரு வரும். அது நீர்க் கொப்புளமாகி, சீழ் பிடித்து, பொருக்காகி உதிர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை புண்ணில் உயிருள்ள வாக்சீனியா வைரஸ் (பெரியம்மை வைரஸுக்கு உறவான, தடுப்பூசியில் இருக்கும் வைரஸ்) இருக்கும். அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண்ணுக்குப் போகும், வீட்டுக் குழந்தைக்கும் ஒட்டும். எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய் உள்ளவர்களுக்கு உயிராபத்தே வரலாம். முதன்முறை போட்டுக்கொள்வோரில் 1000 பேருக்கு 5, 6 பேருக்கு இதய அழற்சியும் வருகிறது.

2019-இல் அனுமதி பெற்ற எம்விஏ-பிஎன் (ஜின்னியோஸ்) தடுப்பூசியில் உள்ள வைரஸ், கோழிக்கரு செல்களில் 500 தடவைக்கு மேல் வளர்த்துப் பலவீனமாக்கியது. மனித உடலில் பெருகாது. தோலுக்கடியில் 4 வார இடைவெளியில் 2 ஊசி. சிவப்பு, வலி, வீக்கம் உண்டு; கொப்புளம் இல்லை.

அப்படியானால் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிறதா? தென்கொரியாவில் சுமார் 440 அமெரிக்கப் படையினரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வைரஸை முடக்கும் எதிர்ப்பொருளின் சராசரி 14-ஆம் நாளில் இரு பக்கமும் 16.2. உச்ச அளவு எம்விஏவுக்கு 153.5, ஏகேமுக்கு 79.3. அப்புறம் எம்விஏ போட்டவர்களுக்கே ஏகேமையும் குத்திப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நேரடியாக ஏகேம் குத்தியவர்களின் புண் பரப்பு, நடுமதிப்பில், 76 சதுர மில்லிமீட்டர். முன்பே எம்விஏ போட்டவர்களிடம் அது பூஜ்யம். முன்பே உருவான எதிர்ப்பு ஏகேம் வைரஸைப் பெருகவிடவில்லை; புண் வராததே பாதுகாப்புக்குச் சாட்சியாகிவிட்டது.

பெரியம்மையே இன்று இல்லாததால், இந்த எண்கள் எவ்வளவு காக்கும் என்பதை நோயாளிகளிடம் சோதிக்க வழியில்லை. ஒரே தடவையில் முடிவது ஏகேமின் உண்மையான வசதி. ஆனாலும் எக்ஸிமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் எம்விஏ என்றுதான் சொல்வேன்.