வகிடு அகலமானவர்களுக்கு: ரோஸ்மேரி எண்ணெய் எனக்கு என்ன செய்தது

காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ அப்புறம் கொத்தாகக் கொட்டும் முடி பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும். எனக்கு வந்தது அது இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருப்பதால் ஆண் ஹார்மோன் கூடி உச்சந்தலையில் முடி மெலிந்து, வகிடு அகலமாகிக்கொண்டே வந்தது. டெஸ்டோஸ்டீரோன் என்ற அந்த ஆண் ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. அதுதான் வேர்க்கால்களைச் சுருக்குகிறது.

முதலில் வீட்டுக் கரிசலாங்கண்ணித் தைலம். முடி மினுமினுத்தது, வகிடு அப்படியேதான் இருந்தது.

கோத்தகிரிப் பக்கம் ரோஸ்மேரி என்ற வாசனைச் செடி விளைகிறது. கடைகளில் அந்த எண்ணெய் நீலகிரி தைலத்தோடுதான் அடுக்கியிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஈரானில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றைப் படித்த பிறகுதான் இதில் இறங்கினேன். 100 ஆண்களில் பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், மீதிப் பேருக்கு 2 சதவீத மினாக்சிடில் என்ற, தலையில் தடவும் முடி வளர்ச்சி மருந்து. 3 மாதத்தில் இரு பக்கமும் பெரிய மாற்றமில்லை. 6 மாதத்தில் இரண்டு பக்கமும் முடி கூடியிருந்தது. ஆனால் எந்த மருந்தும் தராத குழு அதில் கிடையாது, பெண்களும் இல்லை. அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இங்கே டிசம்பரில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. ரோஸ்மேரி கலந்த பிறகு அடுப்பருகே வைத்து உருக்கினால் வாசனையோடு சத்தும் பறந்துவிடும். அதனால் நல்லெண்ணெய்க்கு மாறினேன். 50 மில்லி நல்லெண்ணெய்க்கு 1 மில்லி ரோஸ்மேரி எண்ணெய், சுமார் 20 துளி. ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி, வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தேய்ப்பேன். கலக்காமல் நேரடியாகத் தடவவே கூடாது, தோல் எரிந்து சிவந்துவிடும். முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒருநாள் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. அரை வருஷம் தாண்டியதும் நெற்றியோரம் குட்டி முடிகள் கிளம்பின. வகிடு மேலும் அகலமாகாமல் நின்றது, பழைய அடர்த்தி வரவில்லை. நீர்க்கட்டிக்கான மாத்திரையும் கூடவே எடுப்பதால் முழுப் பேரையும் எண்ணெய்க்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் தொடர்ந்து தேய்க்கிறேன்.

மண்டைத் தோல் பளபளவென்று தெரியும் அளவுக்குப் போயிருந்தால் எண்ணெயில் மாதங்களைக் கழிக்காதீர்கள். வேர்க்கால் முழுசாகச் சுருங்கும் முன்பே தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.