ரெடிமேடா, அசெம்பிளா? பழைய கேமிங் பிசியை மாற்றும்போது

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இல்லாத என் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. சரி, மாற்றிவிடலாம் என்று இறங்கினால் எல்லாரும் கேட்கும் அதே கேள்வி: கம்பெனியின் ரெடிமேட் பெட்டியா, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பாகங்களைத் தேர்ந்து அசெம்பிள் செய்து வாங்குவதா?

விலை:
ரெடிமேடில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமமும் சேர்ந்தே வரும்.
அசெம்பிளில் அதற்குத் தனிக் காசு. பலர் இதை விட்டுவிட்டுத்தான் "எவ்வளவு மலிவு!" என்பார்கள்.

உள்ளே இருப்பது:
என் பழைய ரெடிமேடின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். 8 ஜிபி ரேம், ஒரே குச்சி. இரண்டு 4 ஜிபி போட்டிருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில், ஓடியிருக்கும். பவர் சப்ளையில் மதர்போர்டுக்குப் போகும் வழக்கமான 24 பின் இணைப்பே இல்லை. அந்தக் கம்பெனியின் சொந்த வடிவம். பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்றால் சப்ளை, மதர்போர்டு, கேபினெட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.
அசெம்பிளில் ஏடிஎக்ஸ் அளவு, அதாவது பல கம்பெனிகளுக்கும் பொதுவான அளவு. சப்ளையை மட்டும் மாற்றினால் போதும்.

வாரண்டி:
ரெடிமேட் என்றால் ஒரே போன். ஆன்சைட் எடுத்திருந்தால் ஆள் வீட்டுக்கே வருவார்.
அசெம்பிளில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பில், ஒரு சர்வீஸ் சென்டர். எது பழுது என்று கண்டுபிடிப்பதும் நம் தலையில்தான்.

ஸ்க்ரூடிரைவர் பக்கமே போகாதவருக்கு ரெடிமேட். ஆனால் பில் போடும் முன் சப்ளை எத்தனை வாட், ஏடிஎக்ஸ் அளவா என்று கேட்டுவிடுங்கள். நாலு வருடம் கழித்துக் கார்டை மட்டும் மாற்றி ஓட்ட நினைப்பவருக்கு அசெம்பிள். நான் அதைத்தான் எடுத்தேன். பில்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.