அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்: விருதுப் பட்டியலுக்காகவே வாங்கலாம்

அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்கிற கம்ப்யூட்டர் கேமில் பந்தை அடிக்கிற வேலையே உங்களுக்குக் கிடையாது. மட்டையை வீச ஒரு பட்டன், எறிய ஒரு பட்டன் என்று எதிர்பார்த்து வாங்கினால் அரை மணி நேரத்தில் எரிச்சலாகி மூடிவிடுவீர்கள். நீங்கள் ஓர் அணியின் மேலாளர், இல்லையென்றால் மொத்த லீக்கையும் நடத்துகிற கமிஷனர். மற்றதெல்லாம் அட்டவணை, அதைத் தட்டினால் இன்னொரு அட்டவணை. மார்கஸ் ஹைன்சான் என்கிற ஜெர்மன்காரர் 1990களின் கடைசியில் ஆரம்பித்தது, இன்னும் வருடா வருடம் புதுப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது, 2007 பதிப்புக்கு, விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடுகிற மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 96. பார்க்க மளிகைக்கடைப் பேரேடு மாதிரி இருக்கிற ஒரு கேமுக்கு எப்படி இவ்வளவு என்று கேட்டால், சீசன் முடிந்ததும் திரையில் வருகிற முன்னிலைப் பட்டியலையும் விருதுகளையும்தான் நான் காட்டுவேன்.

அமெரிக்காவின் நிஜ மேஜர் லீக் அணிகளை வைத்தும் இதை ஆடலாம். எனக்கு அதில் அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை, அதற்குத்தான் நிஜ மேஜர் லீக்கே இருக்கிறதே. நான் சொல்வது கற்பனை லீக். எத்தனை அணிகள், எந்தெந்த ஊர், சீசனுக்கு எத்தனை ஆட்டம், விருதுக்கு என்ன பெயர், எல்லாம் நாமே முடிவு செய்யலாம். வீரர்கள் மொத்தமும் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைகள். முதல் சீசன் முடிந்து ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) பட்டியலைப் பார்த்தால் ஒரு பெயர்கூட மனதில் ஒட்டாது, அது யாராக இருந்தால் நமக்கென்ன என்றுதான் இருக்கும். அப்புறம் பத்து இருபது சீசனைத் தானாக ஓடவிட்டுப் பாருங்கள். வருடா வருடம் முதல் மூன்று இடத்துக்குள் இருந்த ஒருவன் ஐந்தாவது இடத்துக்கு இறங்கியிருப்பான், மேலே புதிதாக ஒரு பொடியன் வந்திருப்பான், வயசாகிவிட்டதப்பா என்று நமக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். இத்தனைக்கும் அந்த ஆள் பிறக்கவே இல்லை!

பேஸ்பால் புள்ளிவிவரப் புத்தகங்களில் லீக்கிலேயே முதலிடம் பிடித்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிடுவது பழைய வழக்கம். அந்தத் தடித்த எண்களைக் கூட்டிப் பார்த்து ஒருவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று சொல்கிற கணக்கை பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொண்டுவந்தார், பிளாக் இங்க் என்று அதற்குப் பெயர். இந்த கேம் அதையும் விடாமல் கணக்கு வைத்திருக்கிறது, ஓய்வு பெற்றவர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேம் என்கிற கௌரவப் பட்டியலும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்த வசதி, லீக் எந்தக் காலத்து ஆட்டம் போல நடக்க வேண்டும் என்று நாமே வைக்க முடிவது. 1968ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் அந்த வருடம் பிட்சர்களின், அதாவது பந்து எறிபவர்களின், ராஜ்ஜியம். பிட்சர் பாப் கிப்சனின் இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் தன் கணக்கில் விட்டுக்கொடுத்த ரன், வெறும் 1.12. மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில், அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டம் வாங்கிய கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி .301 (ஆயிரம் முயற்சிக்கு 301 ஹிட் என்கிற வீதம்), அந்த லீக்கிலேயே .300ஐத் தாண்டியது அவர் ஒருவர்தான். இது தாங்காது என்று 1969இல் பிட்சர் நிற்கிற மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். கேமில் இந்தக் காலத்தை வைத்து ஒரு சீசன் ஓட்டிவிட்டு, அடுத்ததை 2000ஆம் ஆண்டுக்கு மாற்றி ஓட்டுங்கள். முதல் பட்டியலில் ராஜாவாக இருந்த பேட்டிங் சராசரி இரண்டாவதில் நடுவில் எங்கோ கிடக்கும். எந்த வருடத்து எண் என்று கேட்காமல் எண்ணைப் பார்க்கவே கூடாது என்பது இரண்டே சீசனில் மண்டையில் ஏறிவிடும்.

பேஸ்பாலுக்குப் புதியவர்கள் முதலில் முழிக்கிற இடம் தகுதி வரம்பு. பேட்டிங் பட்டத்துக்கு அணி ஆடுகிற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 3.1 முறை வீதம் மட்டை பிடிக்க வந்திருக்க வேண்டும், 162 ஆட்டத்துக்கு அது 502. 1996இல் டோனி க்வின் 498தான் வந்திருந்தார், சராசரி .353. குறைகிற நாலையும் அடிக்காமல் போனதாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள், .349 வந்தது, அப்போதும் அவர்தான் முதல், பட்டம் கொடுத்துவிட்டார்கள். இது தெரிந்திருந்தால், காயத்திலிருந்து திரும்பி வந்த உங்கள் வீரனை கடைசி வாரத்தில் தினமும் இறக்குவதா, கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களுக்காக உட்கார வைப்பதா என்பது நிஜமான தலைவலியாகிவிடும்.

சரி, விருதுக்கு வருவோம். என் லீக்கில் ஓர் இடதுகை பிட்சர், தாங்க முடியாத அளவுக்கு மட்டமான அணியில் மாட்டிக்கொண்டவன். இ.ஆர்.ஏ.யில் முதலிடம், ஸ்ட்ரைக் அவுட்டில் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) முதலிடம். பேஸ்பாலில் வெற்றி தோல்வியை பிட்சர் பேரிலும் எழுதுவார்கள், அதில் இவன் ஜெயித்ததைவிடத் தோற்ற ஆட்டங்கள் அதிகம். இவன் எறிகிற நாளாகப் பார்த்து அணி ஒரு ரன்னுக்கு மேல் எடுக்காது. சிறந்த பிட்சர் விருது யாருக்கு? வெற்றிக் கணக்கில் முதலில் இருந்தவனுக்கா, இவனுக்கா? ஒரு காலத்தில் கேள்விக்கே இடமில்லை, வெற்றிக் கணக்குதான். 2010இல் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வியோடு நிஜ மேஜர் லீக்கின் சிறந்த பிட்சர் விருதான சை யங் விருது வாங்கினார், 2018இல் ஜேக்கப் டிக்ரோம் 10 வெற்றி, 9 தோல்வியோடு வாங்கினார், ஆனால் இ.ஆர்.ஏ. 1.70. அதற்கப்புறம் அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. பேட்டர்கள் விஷயத்தில்தான் இன்னும் அடிதடி. 2012இல் மிகேல் கப்ரேரா சராசரி .330, ஹோம் ரன் 44, ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்) 139 என்று மூன்றிலும் முதலிடம் பிடித்தார், 1967க்குப் பிறகு யாரும் செய்யாதது. ஆனால் எம்விபிக்கு, அதாவது லீக்கின் மிக மதிப்புள்ள வீரர் விருதுக்கு, மைக் ட்ரவுட்தான் ஓட்டம், ஃபீல்டிங் எல்லாம் சேர்த்தால் மேல் என்று ஒரு கூட்டம் வார் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது (சாதாரண மாற்று ஆளைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகக் கொடுத்தார் என்பதுதான் வார்). முதலிடத்துக்கான 28 ஓட்டில் 22 கப்ரேராவுக்குப் போனது. நான் ட்ரவுட் கட்சி, அது வேறு கதை. டெட் வில்லியம்ஸ் 1947இல் இதே மூன்று முதலிடங்களோடு நின்று டிமாஜியோவிடம் ஒரே ஒரு புள்ளியில் எம்விபியைக் கோட்டைவிட்டார். இந்தக் கேமின் விருது முடிவைப் பார்த்து அநியாயம் என்று நீங்கள் கத்தினால், பேஸ்பாலில் அந்தக் கத்தலுக்கும் நெடிய பரம்பரை இருக்கிறது.

குறை இல்லாமலா? மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று. எதைத் தட்டினால் எது வரும் என்று பழகவே நாள் பிடிக்கும். சுருக்கெழுத்துகளைப் பார்த்தால் அரசாணை படிக்கிற மாதிரி தலை சுற்றும், பேஸ்பால் அரிச்சுவடியே தெரியாதவர் இதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், யூடியூபில் நாலு ஆட்டம் பார்த்துவிட்டு வரட்டும். ஆட்டத்தைக் காட்டுகிற முப்பரிமாணக் காட்சியும் சுமார்தான், நான் அதை அணைத்துவிட்டு எழுத்து வர்ணனையையே படிக்கிறேன்.

விலைக்கு ஒரு வார்த்தை. நிஜ அணிகளின் இந்த வருடத்து வீரர் பட்டியல் வேண்டுமென்றால்தான் புதுப் பதிப்பு. கற்பனை லீக்குக்கு இரண்டு மூன்று வருடம் பழையதே தாராளம், கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி போடுகிற நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.