வேலூர் மருந்து தெளிப்பாளர் பாதுகாப்புப் பயிற்சி: போகலாம், கிட் மட்டும் வாங்காதீர்கள்

பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்களுக்கும் கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கும் சேர்த்து வேலூரில் இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். தனியார்தான். குறை சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். என்னிடம் பெஸ்ட் கண்ட்ரோல் வேலை பார்க்கும் பையன்களை அனுப்பிவிட்டு நானும் கூடவே உட்கார்ந்தேன். ஆளுக்கு 1,500 ரூபாய், மதியச் சாப்பாடு அதிலேயே அடக்கம். இரண்டாம் நாளுக்காகவே இந்தக் காசைக் கொடுக்கலாம், முதல் நாள் காலையில் தூங்கினாலும் நஷ்டமில்லை.

அந்தக் காலை முழுக்க ஸ்லைடு, அதுவும் இங்கிலீஷில். வெளிநாட்டில் தெளிப்பாளர்களுக்கு எப்படிப் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்று ரொம்ப நேரம் ஓடியது. இலவம்பாடி பக்கம் முள்ளு கத்தரிக்கு மருந்து அடிக்கிறவருக்கு இதனால் என்ன ஆகப் போகிறது? அணைக்கட்டு ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருத்தர் என் பக்கம் சாய்ந்து, "இன்னா நைனா, தமிழ்ல ஒண்ணுமே வராதா?" என்றார். மருந்து டப்பாவோடு வருகிற துண்டுச்சீட்டே வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம், பாதுகாப்பு வகுப்பு மட்டும் இங்கிலீஷில் நடக்கிறது.

மதியத்துக்கு மேல் லேபிள் பாடம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று டப்பாவில் இருக்கிற முக்கோணம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும், சிவப்புதான் கடும் விஷம், மோனோகுரோட்டோபாஸ் அதில் வரும். பச்சை என்றால் பயமில்லை என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிறம் உடனே ஏறுகிற விஷத்தைத்தான் சொல்கிறது, வருஷக் கணக்கில் தினமும் மேலே பட்டால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது என்று பயிற்சியாளர் விளக்கியது நல்ல விஷயம்.

இரண்டாம் நாள் வேறு ஆள் வந்தார், தமிழில் பேசினார், கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. டேங்கில் மருந்துக்குப் பதில் தண்ணீரில் ஏதோ ஒளிரும் பொடியைக் கலந்து, எங்கள் பையன் ஒருத்தனை வழக்கம்போல அடிக்கச் சொன்னார். அடித்து முடித்தான், கை கழுவினான், துடைத்தான். அப்புறம் லைட்டை அணைத்துவிட்டு ஊதா டார்ச்சைக் காட்டினார்கள். நகக்கண்ணில் மினுக்குகிறது, காது மடலுக்குப் பின்னால் மினுக்குகிறது, பேன்ட் ஜிப் பக்கத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது, சட்டைப் பையிலிருந்த செல்போனில் அவன் கன்னம் படுகிற இடம் முழுக்க வெளிச்சம். முதலில் சிரித்தார்கள், போனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மருந்து மூக்கு வழியாகத்தான் போகும், கர்சீப் கட்டினால் போதும் என்று நம்புகிற ஊர் இது. உண்மையில் மருந்து அடிக்கிறவன் உடம்புக்குள் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் இறங்குகிறது. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் காதில் வாங்காதவர்கள் அந்த டார்ச் வெளிச்சத்தில் புரிந்துகொண்டார்கள்.

கிளவுஸ் பாடமும் அருமை. கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கை கிளவுஸுக்கு வெளியே தொங்க வேண்டும், தலைக்கு மேலே அடிக்கும்போது சட்டைக் கையை கிளவுஸுக்குள் விட வேண்டும், இல்லையென்றால் வழிகிற மருந்து நேராக உள்ளே போகும். கழற்றுவதற்கு முன் கிளவுஸோடு சேர்த்து கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தெளிப்பான் நாசில் அடைத்தால் வாயால் ஊதாமல் பழைய பல் தேய்க்கிற பிரஷ். காலி டப்பாவை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட வேண்டும். 2017-ல் மகாராஷ்டிராவில் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்து 20 பேருக்கு மேல் செத்துப்போனதையும் அங்கேயே சொன்னார். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடியில் அடித்தால் மருந்து அடிக்கிறவன் மேலேயே விழும் என்று சொல்லிவிட்டு மறுபடி சட்டைக் கைக்கு வந்தார், அதனால் அந்த விஷயம் மண்டையில் நின்றது.

வெயில் பற்றிப் பேசியது நம்ம ஊருக்கு ரொம்பத் தேவை. வேலூர் மே மாதத்தில் மயங்கி விழுந்தால் எல்லோரும் வெயில் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் ஒழுகி, சதை துடித்தால் அது மருந்து. வாந்தி எடுக்க வைக்காதே, உப்புத் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு எதுவும் கொடுக்காதே, துணியைக் கழற்றி சோப்பு போட்டுக் கழுவு, 108-க்கு அடி, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்பது நம்ம அதிர்ஷ்டம், ஆனால் எந்த மருந்து என்று தெரியாமல் போய் நின்றால் அவர்களுக்கும் நேரம்தான் விரயம். மோனோகுரோட்டோபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகை விஷத்துக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து இருக்கிறது, விஷக் கேஸ் விடுகிற செல்பாஸ் மாத்திரைக்கு முறிவே கிடையாது.

செல்பாஸ் என்றதும் நான் எதிர்பார்த்த பேச்சு வரவில்லை. காந்தி ரோடு லாட்ஜ்களில் மூட்டைப்பூச்சிதான் எங்களுக்குப் பெரிய வேலை, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக் கணக்கில் தங்குகிற அறைகள், மேனேஜர் ஒரு மணி நேரத்தில் ரூமைத் திருப்பிக் கொடு என்பார். அந்த மாத்திரையைக் குடியிருப்பில் வைக்கவே கூடாது, கேஸ் சுவரிடுக்கு வழியாகப் பக்கத்து ரூமுக்குப் போய்விடும் என்று சொன்னார்கள், சரி. மற்ற மருந்து அடித்த ரூமுக்குள் எப்போது போகலாம், காற்றோட்டம் எப்படி, மேனேஜரிடம் எப்படி எழுதி வாங்குவது என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை. வயலுக்குச் செய்த பாடத்தை எங்கள் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

சர்டிபிகேட் கொடுத்தார்கள், பளபளவென்று. இதைக் காட்டி பெஸ்ட் கண்ட்ரோல் லைசென்ஸ் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூச்சிக்கொல்லி விதிகளின்படி அதற்கு வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகப் படித்து அறிவியலிலோ பட்டம் வேண்டும், அதற்கு மேல் மைசூர் சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்) மாதிரி அங்கீகரித்த இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சி வேண்டும். இது வேலையாளுக்கான வகுப்பு, அந்த அளவுக்கு நல்ல வகுப்பு.

கடைசியில் வாசலில் மேசை போட்டு கிட் விற்கிறார்கள். அதிலிருக்கும் மாஸ்க் வால்வு வைத்த துணி மாஸ்க்தான், தூசிக்கு ஆகும், மருந்து ஆவிக்கு ஆகாது. கிளவுஸ் ஆஸ்பத்திரி கிளவுஸ், கரையான் மருந்து கலக்கும்போதே கிழிந்துவிடும். தடித்த நைட்ரைல் கிளவுஸும் கார்ட்ரிட்ஜ் மாட்டுகிற அரைமுக மாஸ்க்கும் தனியாக வாங்குங்கள். பணம் கட்டும்போதே, எங்கள் பேட்சுக்கு முதல் நாளும் தமிழ் ஆளே வருவாரா என்று கேட்டுவிடுங்கள்.