மோட்டார் சர்வீஸுக்கு 8,400 ரூபாய், கிடைச்சது பச்சை பெயிண்ட்

தோட்டத்துல மோட்டார் வச்சிருக்கிற குமரி மாவட்டத்துக்காரங்க படிங்க. வயிறு எரிஞ்சு எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

தக்கலைப் பக்கம் எங்களுக்குக் கிணறும் கொஞ்சம் நேந்திரன் வாழையும் உண்டு. ஓணத்துக்கு வெட்டுற வாழை. கோடையில தண்ணி பாயாம நின்னா குலை சிறுத்துப் போகும். காயில் (மோட்டார் உள்ள இருக்கிற கம்பிச் சுத்து) கருகின பிறகு புதுக் கம்பி சுத்தி ரீவைண்டிங் பண்றதுக்கு, முன்னாடியே சர்வீஸ் பண்ணிரலாம்னு 5 ஹெச்பி மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கிறது) ஒரு ரீவைண்டிங் பட்டறைக்குக் கொண்டு போனேன். பேரு வேண்டாம். மெயின் ரோட்டுல பெரிய போர்டு வச்ச பட்டறை.

அந்த ஆளு நம்ப வச்ச விதம் இருக்கே! என் கண்ணு முன்னாடியே கழட்டினாரு. ஷாஃப்டை, அதான் சுத்துற தண்டைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா டக் டக்னு சத்தம். "பாத்தியளா தம்பி? பேரிங் போச்சு. இப்படியே ஓட்டினா உள்ள சுத்துற ரோட்டர் அதைச் சுத்தி நிக்கிற ஸ்டேட்டர்ல உரசும், காயில் கருகும். நம்ம கையில குடுத்தாச்சுல்லா, இனி நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம்." சொன்னது அத்தனையும் உண்மை, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதத்தான் சொல்வான். டீ வேற வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு பேரிங், சீல், வார்னிஷ், கூலி எல்லாம் சேத்து 8,400. அங்கேயே ஜிபே பண்ணினேன். துண்டுச் சீட்டுல "மோட்டார் சர்வீஸ் 8,400"ன்னு ஒரே வரி. எதுக்கு எவ்வளவுன்னு ஒண்ணும் கிடையாது.

மோட்டார் பளபளன்னு பச்சை பெயிண்ட்ல வந்துது. நேம்பிளேட் மேலயும் சேத்து அடிச்சிருக்கான், எத்தனை ஆம்பியர்னு நகத்தால சுரண்டித்தான் பாக்கணும். மாட்ட வந்த பையன் போட்டுப் பாத்தான், கொஞ்ச நேரத்துல டிரிப், தானா நின்னுடுச்சு. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஸ்டார்ட்டர்ல, கரண்ட் கூடினா மோட்டாரை நிறுத்துற ஓவர்லோட் ரிலேயைக் கடைசி வரைக்கும் திருகி விட்டான். "இனி டிரிப் ஆகாதுண்ணே."

ஆகவே இல்ல. நேரா கருகிடுச்சு. வாழைக்குத் தண்ணி திருப்பிட்டு நிக்கும்போது புகை நாத்தம், ஓடிப் போய்ப் பாத்தா பாடில கை வைக்க முடியல.

பட்டறைக்குப் போனா முதல்ல, "லோ வோல்டேஜா இருக்கும், ஈபி ஆபீஸ்ல கேளுங்க." அப்புறம், "தண்ணி இல்லாம ஓட்டியிருப்பிய." கிணத்துல தண்ணி கிடக்கிற போட்டோவைக் காட்டினா, "மெயின் மேஸ்திரி லீவு, அவரு வரட்டும்." கடைசியில போனே எடுக்கல. வேற நம்பர்ல கூப்பிட்டதும் எடுத்தாரு, என் குரல் கேட்டதும் கட் பண்ணிட்டாரு. 8,400 ரூபா வாங்கும்போது எந்த மேஸ்திரியும் லீவு இல்ல!

வேற ஒரு வைண்டர்கிட்ட பிரிச்சுப் பாத்தோம். உள்ள அதே பழைய பேரிங். மேல புதுக் கிரீஸை அப்பி அமுக்கி வச்சிருக்கான். துடைச்சா ரிங்ல துரு, நம்பர் பாதி அழிஞ்சு கிடக்கு. கிரீஸ் பாதிக்கு மேல அடைச்சாலே பேரிங் சூடாகுமாம், இது வழிய வழிய. ரோட்டர்ல ஒரு பக்கம் உரசிக் கண்ணாடி மாதிரி மினுங்குது. அந்த ஆளு என்ன ஆகும்னு சொன்னாரோ அதுவே ஆயிருக்கு. 5 ஹெச்பி மோட்டார் முழு லோடுல எடுக்கிறதே ஏழரை ஆம்பியர் பக்கம். ரிலே பத்து ஆம்பியர்ல நின்னா அது எங்க டிரிப் ஆகும்? டிரிப் ஆனப்பவே உள்ள கோளாறுன்னு தெரிஞ்சிருக்கணும், அந்தப் பையன் ரிலே வாயை அடைச்சிட்டுப் போயிட்டான். இப்போ ரீவைண்டிங்குக்குத் தனிச் செலவு. 8,400 போனது போனதுதான்.

சர்வீஸ் குடுக்கிறவங்க, பழைய பேரிங்கையும் சீலையும் கையில வாங்காம காசு குடுக்காதீங்க. மாட்டினதும் கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுத்திப் பிடிச்சு கரண்ட் அளக்கிறது) வச்சு மூணு ஃபேஸ்லயும் ஆம்பியர் பாக்கச் சொல்லுங்க, நேம்பிளேட்டுல எழுதினதுக்கு மேல போனா விடாதீங்க. ரீவைண்டிங்னா கம்பியைச் சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியம். எரிஞ்ச செம்புக் கம்பியையும் கேட்டு வாங்குங்க, எடைக்குப் போட்டாக் காசு. ரிலேயைத் திருக எவனையும் விடாதீங்க. சரியான பில் வாங்குங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வச்சுப் புகார் எழுதிட்டிருக்கேன். இன்னும் நிறைய இருக்கு, வாடகைக்கு எடுத்த பம்ப் இன்ஜினுக்கு டீசல் வாங்கப் போணும், வாழை தண்ணியில்லாம நிக்குது.