பைத்தான் மாட்யூல்களோடு ஒன்பது வருடம்

ஒன்பது வருடமாக எனக்குப் பைத்தான் என்ற நிரலாக்க மொழியில்தான் வேலை. அதில் கோட் எழுதிய ஒவ்வொரு ஃபைலும் ஒரு மாட்யூல்; வேறொரு மாட்யூலை நம் ஃபைலில் பயன்படுத்தக் கொண்டுவருவதுதான் இம்போர்ட். இம்போர்ட் என்று எழுதினால் அது எங்கெல்லாம் போய்த் தேடும் என்பது முதல் இரண்டு வருடம் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒருமுறை விடுமுறை நாட்களைக் கணக்கிட ஒரு சின்ன ஃபைல் எழுதி, அதற்குக் கேலண்டர் என்று பெயர் வைத்தேன். மறுநாள் அதே ஃபோல்டரில் இருந்த வேறொரு ஸ்கிரிப்ட் ஓடவில்லை. இணையத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற பேக்கேஜை (மாட்யூல்களின் தொகுப்பை) இம்போர்ட் செய்யும் வரியிலேயே பிழை. கேலண்டரில் 'டைம்ஜிஎம்' என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லையாம். அப்படி ஒரு பெயரை நான் எழுதவே இல்லை. ரிக்வெஸ்ட்ஸை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன், அதே பிழை. கேலண்டர் எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று பிரிண்ட் செய்து பார்த்தபோதுதான் விளங்கியது. பைத்தானோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலும் ஒரு கேலண்டர் உண்டு. ரிக்வெஸ்ட்ஸ் பயன்படுத்தும், குக்கிகளைக் கவனிக்கும் மாட்யூல் டைம்ஜிஎம்மை அங்கிருந்துதான் எடுக்கிறது. நடுவில் என் ஃபைல் வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

தேடும் வரிசைதான் காரணம். மாட்யூல்களை எங்கெங்கே தேடுவது என்று பைத்தான் வைத்திருக்கும் சிஸ் டாட் பாத் பட்டியலில் முதல் இடம், நாம் ஓட்டும் ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டருக்கு. அப்புறம் பைத்தான்பாத் என்ற அமைப்பில் நாம் கொடுத்த ஃபோல்டர்கள், அடுத்து ஸ்டாண்டர்ட் லைப்ரரி, பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப் அவற்றைக் கொண்டுவந்து வைக்கும் சைட் பேக்கேஜஸ் ஃபோல்டர் கடைசியில். பெயர் முதலில் கிடைத்த இடத்தோடு தேடல் முடிந்துவிடும். 2024-இல் வந்த பைத்தான் 3.13 பதிப்பு, ஸ்கிரிப்டின் பெயர் இப்படி மோதும்போது அதை மாற்றச் சொல்லிப் பிழைச் செய்தியிலேயே காட்டுகிறது. அன்றைக்கே இது இருந்திருந்தால் ஒரு முழு நாள் மிச்சமாகியிருக்கும்.

பொதுவான ஃபங்ஷன்களை ஆரம்பத்தில் புராஜெக்டுக்குப் புராஜெக்ட் காப்பி அடித்தேன். ஒன்றில் திருத்தினால் மற்றவை பழையபடியே கிடக்கும். இப்போது அவற்றைத் தனிப் பேக்கேஜாக்கி, கோட் முழுவதையும் எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் வைத்து, ஒவ்வொரு புராஜெக்டின் வெர்சுவல் என்விரான்மென்டிலும் (அந்தப் புராஜெக்டுக்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழலிலும்) பிப்பின் எடிட்டபிள் முறையில், அதாவது காப்பி எடுக்காமல் மூல ஃபோல்டரையே சுட்டும்படி, இன்ஸ்டால் செய்கிறேன். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் உடனே தெரிகிறது. ஐந்து வருடமாக இந்த ஏற்பாடு என்னைக் கைவிடவில்லை.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. இன்ஸ்டால் செய்யும் பெயர் ஒன்று, இம்போர்ட் செய்யும் பெயர் வேறொன்று. படங்களைக் கையாளும் பில்லோவை இன்ஸ்டால் செய்தால் பிஐஎல் என்று இம்போர்ட் செய்ய வேண்டும், வலைப்பக்கங்களிலிருந்து தகவல் பிரித்தெடுக்கும் பியூட்டிஃபுல்சூப்4 என்றால் பிஎஸ்4. அதனால் தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் இப்படிப்பட்ட வரிகளுக்குப் பக்கத்திலேயே இம்போர்ட் பெயரைக் கமெண்டாக எழுதி வைக்கிறேன்.