வேளாங்கண்ணி நடையா, விடியற்காலைத் திருப்பாடலா?

கடவுள்மேல் அன்பு வளர என்ன செய்யலாம் என்று கேட்டால், டெல்டா பக்கத்துக் கத்தோலிக்கர்கள் பலரும் முதலில் சொல்வது வேளாங்கண்ணி நடைப்பயணத்தைத்தான். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் விழா. அந்த நாட்களில் தஞ்சாவூர், திருவாரூர் சாலைகளில் காவி உடுத்திய கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். வாய் செபமாலை சொல்லும், குதிகாலில் கொப்புளம் வெடிக்கும், வழியில் யாராவது ஒரு செம்பு மோரை நீட்டுவார்கள். மனம் ஒட்டாதவனையும் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். செபமே வராத காலத்தில் இது பெரிய உதவி. ஆனால் வேண்டுதல் பட்டியல் நீண்டுகொண்டே போனால், பயணம் வெறும் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடும். இதை நிறையவே பார்க்கலாம்.

மற்றது, விடியுமுன் எழுந்து, பைபிளில் உள்ள திருப்பாடல்களில் (சங்கீதங்களில்) ஒன்றை மெதுவாக வாசிப்பது. செலவில்லை, பார்ப்பவரும் இல்லை. 23ஆம் திருப்பாடலில் ‘ஆண்டவரே என் ஆயர்’ என்ற இடத்திலேயே நின்றுவிடலாம், முடித்தாக வேண்டிய அவசரமில்லை. எதையும் கேட்காமல் அவரோடு சும்மா இருக்கப் பழக்குவது இதுதான். எதிரிகள் இரண்டு: தூக்கம், செல்போன்.

என்னைக் கேட்டால், அன்றாடத்துக்கு இரண்டாவதுதான். சரி, நடக்கத்தான் போகிறேன் என்பவர்கள் 120 முதல் 134 வரையுள்ள திருப்பாடல்களை வழிக்கு வைத்துக்கொள்ளலாம். எருசலேமுக்குப் போன பயணிகள் பாடியவை என்று கருதப்படுபவை அவை. 132ஐத் தவிர மற்றதெல்லாம் குட்டிப் பாடல்கள், நடந்துகொண்டே மனப்பாடம் ஆகிவிடும்.